இரவல் சிலிர்ப்பு

மீசையுள்ள ஆண்களைச் சுகந்திக்குப் பிடிக்காது. அழகில்லை என்பதற்காக அன்று. மேலுதடு மறைந்துவிட்டால் அவர்கள் பேச்சில் பாதி அவளுக்குக் காணாமற் போய்விடும் என்பதற்காக. ஆகையால், பூங்குழல் அரங்கின் பொறியாளர் குணசீலன் இரண்டாம் முறை அவளைக் காண வந்தபோது, தம் தடித்த மீசையை ஒட்ட நறுக்கிக்கொண்டு வந்திருந்ததைக் கண்டதும், இந்த மனிதரை நம்பலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

"இப்பத் தெரியுதுங்களா?" என்று அவர் தம் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

"நல்லாத் தெரியுது. ஆனா மரியாதையாப் பேசறீங்களா, இல்லையாங்கறது மட்டும் தெரியாது. நம்ம கோயமுத்தூர்க்காரங்க போடற ‘ங்க’ எல்லாம் தொண்டைக்குள்ளயே நின்னுக்குது. உதட்டுக்கு வர்றதேயில்ல."

அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். சிரிப்பின் ஓசை எப்படியிருக்கும் என்பதைச் சுகந்தி தன் நினைவிலிருந்து எடுத்து அதற்குப் பொருத்திக்கொண்டாள். அவள் பிறவியிலேயே செவி கேளாதவள் அல்லள். மகள் நன்முல்லை தொட்டிலில் கிடந்த காலத்தில் வந்த ஒரு விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு, இரு செவிகளையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்குமுன் அவள் நன்றாகப் பாடுவாள். அந்தக் குழந்தைக்கு அவள் பாடிய தாலாட்டுதான் அவள் காதால் கேட்ட கடைசிப் பாட்டு.

அந்தக் குழந்தை இப்போது அதே அரங்கில், ‘நீர்த்துறை’ என்னும் இசைநாடகத்தின் கதாநாயகி. மகள் மேடையேறிய நாடகம் ஒன்றைக்கூடச் சுகந்தி தவறவிட்டதில்லை. முதல் வரிசையில் அமர்வாள். மகளின் வாய் திறப்பதைப் பார்ப்பாள். கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்ப்பாள். அக்கம்பக்கத்தார் கண்களைத் துடைத்துக்கொள்வதையும் பார்ப்பாள். கண்ணாடிக்கு அப்பால் நடக்கும் கல்யாணத்தைத் தெருவில் நின்று பார்ப்பவளைப் போல வீடு திரும்புவாள்.

அந்தக் கண்ணாடியை உடைக்கத்தான் குணசீலன் ஒரு சட்டையோடு வந்திருந்தார். பார்வைக்குச் சாதாரணக் கையில்லாச் சட்டை. உள்ளே மயிரிழை போன்ற கம்பிகள். இரு கைகளுக்கும் தனித்தனியே மெல்லிய உறைகள்.

"பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா நெஞ்சு அதிருமில்லைங்களா, அந்த மாதிரி வெறும் அதிர்வு இல்லைங்க இது," என்று அவர் விளக்கினார். "பாட்டு கேட்டா ஒரு மனுச உடம்பு என்னென்ன பண்ணுமோ, அதையெல்லாம் உங்க உடம்பு பண்ணும். மூச்சு நிக்கும், நாடி ஓடும், தோலு சிலுத்துக்கும்."

"யாரோட உடம்புங்க?"

"நல்ல ரசிகை ஒருத்தங்களை ஒத்திகை பூராவும் கேக்க வெச்சுப் பதிவு பண்ணிக்கிட்டோம். மேடையில பாட்டு வர்றப்ப அந்தப் பதிவு ஓடும். உங்க சட்டை உங்க நாடியையும் படிச்சுக்கும். அளவெடுத்துத் தெச்ச மாதிரி பொருந்தணுமில்லைங்களா?"

செவிப்புலன் இழந்தோர் மன்றம் அவளைத்தான் தன் சார்பில் அனுப்பியிருந்தது. அவள் நன்று என்று சொன்னால் இத்தகைய இருக்கைகள் மாநிலத்து அரங்குகள் அனைத்திலும் வரும். அவள் வேண்டாமென்றால் வாரா. அவ்வளவு பெரிய பொறுப்பு தன் தோளில் இருப்பதை அவள் மறந்தாளில்லை. ஆனால், உண்மையைச் சொல்வதானால், அவள் மனம் ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றது: முல்லையின் குரல் தன் உடம்பில் எப்படி வந்து இறங்கும்?

அரங்கு வேறெவ்வகையிலும் குறை சொல்ல முடியாததாக இருந்தது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதைகள். பார்வையற்றோர்க்குக் காட்சியைக் காதில் விவரிக்கும் குரல். இரைச்சல் பொறுக்காத பிள்ளைகளுக்கு அமைதியறை. மேடையின் இடப்புறம், இருக்கை எதுவும் இல்லாத ஒரு மூலைக்குங்கூட அகலமான சரிவுப்பாதை ஒன்று இறங்கி, பெயர்ப்பலகையற்ற ஒரு கதவில் முடிந்தது. படிக்கட்டுகளோடு ஆயுள் முழுதும் மல்லுக்கு நின்றவர்கள் சரிவுப்பாதையைக் கண்டால் மகிழ்வார்களேயன்றி, அஃது எங்கே போகிறது என்று கேட்க மாட்டார்கள். சுகந்தியும் கேட்கவில்லை.

முதல் நாள் ஆட்டத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை பொன்னுரங்கத்துடையது. பஞ்சாலையில் நூலை விரலால் தடவித் தரம் பிரித்து ஓய்வு பெற்றவர், பார்வையில்லாதவர். இருவருக்கும் பல நாடகங்களின் பழக்கம். அவர் காதில் கேட்டதை அவளுக்குச் சொல்வார். அவள் கண்ணால் கண்டதை அவருக்குச் சொல்வாள். இருட்டில் அவர் உதடு தெரியாதாகையால், அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவார்.

"ஏனம்மிணி, இன்னிக்கு உங்களுக்கும் கேக்குமாமே? அப்புறம் என்னைய யாரு சீண்டுவா?" என்றார் விளக்கணையுமுன்.

"ராஜா வேசங்கட்டினவன் தொப்பை எவ்வளவுன்னு யாரு சொல்லுவாங்க உங்களுக்கு? நாந்தான். சும்மா உக்காருங்க."

விளக்கணைந்தது. திரை உயர்ந்தது.

படகோட்டியின் மகள் கரையில் தனியே நின்று பாடும் இடம் அது. முல்லை வாய் திறந்தாள். சுகந்தியின் மணிக்கட்டில் ஈரக்காற்றுப் பட்டது போன்ற ஒரு குளிர்ச்சி தோன்றி, முழங்கை வழியே தோளுக்கு ஏறியது. மூச்சு பாதியில் நின்றது. தோல் முழுதும் மயிர்க்கூச்செறிந்தது. இப்படித்தான், இப்படியேதான், முன்னொரு காலத்தில் பாட்டு அவளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வலக்கைச் சுண்டுவிரல் மட்டும் தானாக, மெல்ல நடுங்கியது. அது அவளுடைய வழக்கம் அன்று. பதிவுக்கு உட்கார்ந்த அந்தப் பெண்ணின் வழக்கமாக இருக்கும் என்று நினைத்து அவள் கண்ணீரோடு சிரித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது, சட்டை அணிந்திருந்த மற்றவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுப்பதைச் சுகந்தி கடைக்கண்ணால் கண்டாள். பிறகு அவள் உள்ளங்கையில் அவர் விரல் அவசரமாக எழுதியது: ஒன்ஸ்மோர்.

அரங்கமே அவரோடு சேர்ந்துகொண்டது போலும். மேடையில் முல்லை நாணிச் சிரித்து, வாத்தியக்காரர்களைப் பார்த்தாள். அவர்கள் தலையசைத்தார்கள். பாட்டு மீண்டும் தொடங்கவிருந்தது.

தொடங்குமுன்னரே சுகந்தியின் மார்புக்குள் நாடி துள்ளியது. தின்பண்டப் பொட்டலத்தைக் கண்ட குழந்தையின் துள்ளல். பாட்டு மறுபடி வந்தது. இம்முறை சிலிர்ப்பு வேறு வழியில் ஏறியது, ஆழமாக, தொண்டையை அடைத்துக்கொண்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒத்திகையில் யாரும் ஒன்ஸ்மோர் கேட்டிருக்க மாட்டார்கள். பதிவு செய்த உடம்புக்கு, மறுபடி ஒரு பாட்டு வரப்போகிறது என்று தெரிவது எப்படி? பதிவு ஆவலோடு காத்திருக்குமா?

இடைவேளையில் குணசீலனைப் பிடித்துக் கேட்டாள்.

"அதுங்களா? கணினி தானாச் சமாளிச்சுக்குமுங்க," என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதடு படிப்பவர்களிடம் பேசும்போது முகத்தைத் திருப்பக்கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரம், ஆட்டமில்லாத ஒரு நண்பகலில், சட்டையோடு வந்த கையுறை இறுக்குகிறது என்று சாக்குச் சொல்லி அரங்குக்குப் போனாள். வேலையாள்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடையில் ஒரு படகும் துணியாலான ஆறும் கிடந்தன. அவள் தன் இருக்கையில் அமர்ந்து சட்டையை மாட்டிக்கொண்டு கண்களை மூடினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, விலாப்பக்கத்தில் மிகமிக மெல்லிய ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். அவள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். ஏற்றமும் இறக்கமும் நிற்கவில்லை.

பாட்டில்லை, ஆட்டமில்லை. ஆளற்ற அரங்கில் யாரோ அவள் விலாவுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க அது?" என்று சுகந்தி வாய்விட்டுக் கேட்டாள்.

நாடி திடுக்கிட்டு எகிறியது. சுண்டுவிரல் நடுங்கியது, நடுங்கிக்கொண்டேயிருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கதவுக்கு வெளியே நின்று விரல்நுனியால் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைப் போலிருந்தது அந்த நடுக்கம். "பயப்படாதீங்க. நான் சுகந்தி. முல்லையோட அம்மா," என்று, தன் காதுக்கே எட்டாத குரலில், அந்த வெற்றிடத்தை நோக்கி மெதுவாகச் சொன்னாள். நாடி சிறுகச் சிறுகத் தணிந்தது.

கண்ணைத் திறந்தபோது குணசீலன் எதிரே நின்றுகொண்டிருந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"எங்கிருக்காங்க?" என்றாள் அவள்.

அவர் இடப்புறத்துச் சரிவுப்பாதையில் இறங்கி நடந்தார். அவள் பின்தொடர்ந்தாள்.

பெயர்ப்பலகையற்ற கதவுக்குப் பின்னால் துப்புரவான ஓர் அறை. நடுவே சக்கரக் கட்டில். அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எண்ணெய் தடவிப் பின்னிய கூந்தலில் அன்றைய மல்லிகை. கண்கள் பாதி திறந்து, கூரையை நோக்கியிருந்தன. ஆனால் எதையும் பார்ப்பனவாகத் தெரியவில்லை. அவள்மேல் கழுத்துவரை ஒரு வெள்ளி நிற விரிப்பு. அதன் ஓரத்தில் மயிரிழைக் கம்பிகள். வெளியே கிடந்த வலக்கையில் சுண்டுவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

சுகந்தி தன் கையைக் குனிந்து பார்த்தாள். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆயினும் அவள் சுண்டுவிரலும் அதே தாளத்தில் ஆடியது.

குணசீலன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"திரும்பிப் பேசுங்க. எனக்கு உங்க மொகம் வேணும்."

அவர் திரும்பினார். "எம் பொஞ்சாதி. ரேணுகா. கார் விபத்துங்க. கண்ணைத் தொறந்திருப்பா, ஆனா யாரையும் தெரியாது. மூளை செத்துப்போகல, இருக்கறதாவும் சொல்ல முடியாதுன்னாங்க. அவளுக்குப் பாட்டுன்னா உசுருங்க. எந்த நாடகத்துக்குப் போனாலும் ஒன்ஸ்மோர் கேக்கற மொதல் ஆளு அவதான். எனக்கு மானம் போகும். அதனால பக்கத்துல பாட்டு வெச்சேன். இந்த விரிப்பைச் செஞ்சு, சட்டையை நானே மாட்டிப் பார்த்தேன். சிலுத்துச்சுங்க! உள்ள இருக்கா. கேக்கறா. அரங்குல மைக்கு வெச்சு இங்க ஓட விட்டேன். அப்புறந்தான் நெனச்சேன், இவ காதை நாலு பேருக்குக் குடுத்தா என்னன்னு."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"எப்படீங்க கேக்கறது?"

"கேக்க முடியாதவங்க கிட்டயிருந்து எடுத்துக்கலாம்னு யாரு சொன்னாங்க? அவங்க சிரிக்கறது, பயப்படறது, தொண்டை அடைக்கறது எல்லாத்தையும் நாங்க பங்கு போட்டு உடுத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். அரங்குல எல்லாருக்கும் எடம் இருக்குது. இவங்களுக்கு மட்டும் கதவுக்கு இந்தப் பக்கம்."

"மன்றத்துல சொல்லிருவீங்களா?" அவர் உதடுகள் கோணின. "சொன்னா உங்க புள்ள குரலும் போயிருங்க."

அது மிரட்டல் அன்று. அவர் அவளுக்காகவும் வருந்தியே அதைச் சொன்னார். அதனாலேயே அது நேராக நெஞ்சில் தைத்தது. சுகந்தி கட்டிற்கம்பியைப் பற்றிக்கொண்டாள். "சொல்லித்தான் ஆகணுமுங்க," என்றாள்.

வீட்டில் முல்லை தோசைக்கரண்டியும் கையுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தோசை கருகியது.

"இப்பத்தானேம்மா நான் பாடறதை நீ கேட்டே," என்றாள். அவள் கோபித்தால் உதடுகள் தெளிவாக அசையும். சுகந்திக்கு ஓர் எழுத்தும் தப்பாது. "அன்னிக்கு நீ அழுததைப் பார்த்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சின்ன வயசுல இருந்து யாருக்குப் பாடறேன்னு நெனச்சே? அந்தம்மாவுக்கு என்ன வலிக்குதா? எடுத்துக்கிட்டா என்ன கொறஞ்சிருச்சு?"

"கொறஞ்சதா இல்லையான்னு சொல்ல அவங்களால முடியலையே, கண்ணு."

முல்லை அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சுகந்தி கருகிய தோசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நடுங்கியதால் கரண்டி பிடியில் நிற்கவில்லை.

மன்றம் கூடியது. அவள் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். சிலர் அவளோடு சண்டையிட்டார்கள். ஒரு முதியவர், பாட்டென்பது இன்னதென்று வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்குத் தெரிந்த மாலையை அவள் பிடுங்கிக்கொண்டதாகச் சைகையால் சொல்லி, அவள் முகத்தைப் பாராமல் எழுந்து போனார். சட்டைகள் பெட்டிக்குள் போயின. அன்று மாலை ஆட்டத்தில் சுகந்தி வெறுங்கையோடு முதல் வரிசையில் அமர்ந்தாள். மகள் கரையில் நின்று வாய் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடி பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டது. பொன்னுரங்கம் மட்டும் பாட்டு முடியும்வரை அவள் கையை விடவில்லை, எதுவும் எழுதவுமில்லை.

சில நாள்கள் கழித்து, காலையில், குணசீலன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் மழிக்கப்படவில்லை. ஆனால் மேலுதட்டை மட்டும் மழித்திருந்தார், அவளுக்காக.

"நீங்க சொன்னது மனசைக் குடைஞ்சுதுங்க. அவளைக் கேக்காம எடுத்தேன்னீங்களே. கேக்க ஏதாவது வழி இருக்குதான்னு பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன். காதைத்தான் மொதல்ல சோதிச்சாங்க." அவர் முகத்தை அவள் பக்கம் நேராகத் திருப்பினார். "அவளுக்குக் காது கேக்காதுங்க."

"என்ன சொல்றீங்க?"

"ஒரு சத்தமும் உள்ள போகலைங்க. விபத்து நடந்த அன்னிக்கே போயிருக்கும்னு சொல்றாங்க. இத்தனை வருசமா அவ ஒரு பாட்டும் கேக்கல."

சுகந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டுக்குச் சிலுத்தாங்களே! ஒன்ஸ்மோருக்குத் துள்ளினாங்களே!"

"சட்டை உங்க நாடியையும் படிக்கும்னு சொன்னேனில்லைங்களா? ரெண்டு உடம்பும் ஒத்துப்போகட்டும்னு உங்க பக்கத்துல இருந்து அவ விரிப்புக்கும் ஒரு வழி தொறந்து விட்டிருந்தேன். நேத்துப் பூரா உக்காந்து ஆராஞ்சு பார்த்தேன். சிலுப்பு உங்ககிட்டத்தான் மொதல்ல பொறக்குது. உங்க புள்ள வாயைத் தொறந்ததும் உங்களுக்கு ஆகறது அவளுக்குப் போகுது. அவ உடம்பு அதைப் பெருசாக்கித் திருப்பி அனுப்புது. பாட்டுன்னு நீங்க நெனச்சுக்கிட்டீங்க. மத்த சட்டைக்காரங்க எல்லாரும் உங்களுக்கு அப்புறந்தான் சிலுத்தாங்க." அவர் விரல்கள் தூக்குச்சட்டி எதையோ தேடுவன போலக் காற்றில் மூடித் திறந்தன. "மொதல்ல சட்டையை மாட்டினவன் நான். அன்னிக்கு அவ சிலுத்தான்னு ஆடினேன் பாருங்க, அதும் என்னோடதுதானுங்க."

சுகந்தி எண்ணிப் பார்த்தாள். அந்த முதியவர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்ட பாட்டு, அவள் தன் பிள்ளையைப் பார்த்த பார்வை. அவள் கேட்டதும் அதுவே. ஆளற்ற அரங்கில் திடுக்கிட்டதும் அவள். தன்னைத் தானே தேற்றிக்கொண்டவளும் அவள். முல்லை பாடும் குரலை அவள் ஒருபோதும் கேட்டதில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை.

"ஏன் வந்தீங்க?" என்றாள்.

"விரிப்பை எடுத்ததுல இருந்து ரேணுகா நாடி எறங்கிக்கிட்டே போகுதுங்க. டாக்டருங்களுக்குக் காரணம் தெரியல. எனக்குத் தெரியும்னு நெனக்கறேன். சத்தமில்ல, வெளிச்சமில்ல; உள்ள போய்க்கிட்டிருந்தது நீங்க ஒருத்தர்தான். நான் மாட்டிப் பார்த்தேன், ஏறமாட்டேங்குது. எங்கிட்ட இப்பப் பயத்தைத் தவிர ஒண்ணுமில்லைங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முல்லை தாயின் பின்னாலேயே வந்தாள்.

அறையில் மல்லிகை வாடியிருந்தது. ரேணுகாவின் முகம் மெழுகு போல் வெளுத்திருந்தது, சுண்டுவிரல் அசையவில்லை. குணசீலன் விரிப்பைப் போர்த்தினார். சட்டையைச் சுகந்தியிடம் நீட்டினார். அவள் கட்டிலருகே முக்காலியில் அமர்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாட்டுப் போடட்டுங்களா?" என்றார் அவர், பழக்கத்தினால்.

"யாருக்குங்க?"

அவர் தலைகுனிந்தார்.

சுகந்தி கதவருகே நின்ற மகளைப் பார்த்தாள். தொட்டிலில் கிடந்தவளுக்குப் பாடிய தாலாட்டு, ஒரு சொல்லும் சிந்தாமல், நெஞ்சின் அடியில் அப்படியே இருந்தது. குரல் எப்படி வருமோ, சுருதி எங்கே போய் விழுமோ, அவளுக்குத் தெரியாது. முல்லைக்குத் தெரிந்துவிடும். அந்த அறையில் காதுள்ள இருவரில் அவள் ஒருத்தி. பாடிவிட்டுத்தான் சட்டையை மாட்டுவது என்று சுகந்தி தீர்மானித்தாள். எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு முறையேனும் கொடுத்துவிட வேண்டும்.

நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தாள்.

முல்லை திடீரென்று கையை நீட்டிக் கட்டிலைக் காட்டினாள். குணசீலன் வாய் திறந்தபடி நின்றார். சுகந்தி குனிந்து பார்த்தாள். வெள்ளி விரிப்புக்கு வெளியே கிடந்த அந்த வெளுத்த கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாகக் குத்திட்டு எழுந்துகொண்டிருந்தன. சுண்டுவிரல் நடுங்கத் தொடங்கியது.

சட்டை இன்னும் சுகந்தியின் மடியில்தான் இருந்தது. அவள் இன்னும் பாடத் தொடங்கவில்லை.